ஒரே கிளிக்கில் ஓட வேண்டும்!

மூன்றாம் ஆண்டு மாணவி, கணிப்பொறித் துறை



லேபில் நாம் எழுதும் புரோகிராம் லேபில் ஓடுகிறது. அவுட்புட்டை ரெக்கார்டு நோட்டில் எழுதி, சாரிடம் கையெழுத்து வாங்கி, மார்க்கும் வாங்கிவிடுகிறோம். அதே புரோகிராமை பென் டிரைவில் போட்டு, கணிப்பொறிப் படிப்பே இல்லாத ஒருவரிடம் கொடுத்து, "இதை ஓட்டிப் பாருங்க" என்று சொன்னால் என்ன ஆகும்? டபுள் கிளிக் செய்வார். "இந்த ஃபைலை எதைக் கொண்டு திறப்பது?" என்று விண்டோஸ் அவரையே கேட்கும். அல்லது ஒரு கருப்புப் பெட்டி தோன்றி, கண்ணை மூடித் திறப்பதற்குள் மறைந்துவிடும். அத்தோடு சரி. நாம் ராத்திரி கண்விழித்து எழுதிய 200 வரிகளுக்கும் அங்கே மதிப்பு ஒன்றுமில்லை.

இந்தக் கட்டுரையில், சிறிய பைதான் புரோகிராம் ஒன்றை அடுத்தவர் கணிப்பொறியில் ஒரே கிளிக்கில் ஓடும்படி கட்டிக் கொடுப்பது எப்படி என்று பார்ப்போம். பைதானை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அது நம் பாடத்திலேயே இருக்கிறது என்பதுதான்.

எதற்காக இந்த வேலை?

ஸ்ரீரங்கம் சாத்தார வீதியில் பூ மார்க்கெட் இருப்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எட்டரை, கோப்பு, போசம்பட்டி பக்கமிருந்தெல்லாம் பூ வந்து இறங்கும். அங்கே ஒரு கடைக்குப் பூ கட்டிக் கொடுக்கும் பெண்களில் என் அம்மாவும் ஒருவர். உதிரிப்பூவை எடை போட்டுக் கொடுப்பார்கள். கட்டிக் கொடுத்தால் கூலி. கூலி வாரக் கணக்கு. நடுவில் கைமாற்றாக ஏதாவது வாங்கியிருந்தால் சனிக்கிழமை அதைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். எல்லாம் ஒரு நீள நோட்டில்.

சாதாரண நாளில் நோட்டு போதும். மார்கழியில் வைகுண்ட ஏகாதசித் திருநாள் வந்துவிட்டால் பகல் பத்து, இராப்பத்து என்று 20 நாளும் ஊரே பூவாக இருக்கும், எழுத நேரமிருக்காது. பிறகு வாய்க்கணக்குதான். "போன செவ்வாக்கிழமை ரெண்டு கிலோ கட்டிக் குடுத்தேனே தம்பி?" "இல்லக்கா, ஒன்றரைதான் எழுதியிருக்கு." இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் அல்ல. ஆனால் அந்த அரைக் கிலோவுக்கான கூலி யாரோ ஒருவர் கையை விட்டுப் போகிறது. பெரும்பாலும் அது கட்டியவர் கையாகத்தான் இருக்கும்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான். "கம்ப்யூட்டர் படிக்கிறியே, இந்தக் கணக்கைப் போடுமா அது?" என்று அம்மா கேட்டதற்குப் பதிலாகத்தான் புரோகிராம் பிறந்தது. பெயர், எடை, கைமாற்று மூன்றையும் பதிய வேண்டும். சனிக்கிழமை ஒரு பட்டனை அழுத்தினால் ஒவ்வொருவருக்கும் தமிழில் ஒரு சீட்டு வரும். உதாரணமாக, கிலோவுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரத்தில் 11 கிலோ கட்டி, 300 ரூபாய் கைமாற்று வாங்கியிருந்தால் மீதி 800. சின்னக் கணக்குதான். புரோகிராம் எழுதுவது கஷ்டமே இல்லை.

கஷ்டம் கடைக்கார அண்ணன் போட்ட நிபந்தனையில் இருந்தது. அவரிடம் இருப்பது விண்டோஸ் 7 போட்ட பழைய கம்ப்யூட்டர். நெட் கிடையாது. "பாப்பா, டபுள் கிளிக் பண்ணா தொறக்கணும். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது, சொல்லிட்டேன்" என்றார். யோசித்துப் பார்த்தால், உலகத்தில் உள்ள எல்லா வாடிக்கையாளர்களும் இதைத்தான் கேட்கிறார்கள்.

நம் புரோகிராம் ஏன் தனியாக ஓடுவதில்லை?

ஏதாவது ஒரு ஈ.எக்ஸ்.இ. ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். புரியாத குறிகளாகக் கொட்டிக் கிடக்கும். ஆனால் முதல் இரண்டு எழுத்துக்கள் மட்டும் ஆங்கிலத்தில் 'எம்', 'இஸட்' என்று தெளிவாக இருக்கும். எம்.எஸ். டாஸ் காலத்தில் இந்த ஃபைல் அமைப்பை வடிவமைத்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கி என்ற மைக்ரோசாஃப்ட் எஞ்சினியரின் பெயர் முதலெழுத்துக்கள் அவை. இன்றைய விண்டோஸ் ஈ.எக்ஸ்.இ.யிலும் அந்த இரண்டு எழுத்தே முதலில் நிற்கிறது. அதையும் அதைத் தொடர்ந்து வரும் தலைப்புப் பகுதியையும் பார்த்துத்தான், "இது ஓட்ட வேண்டிய ஃபைல்" என்று விண்டோஸ் தெரிந்துகொள்கிறது.

நாம் எழுதும் பைதான் ஃபைல் அப்படியல்ல. அது வெறும் எழுத்து. அதைப் படித்து, வரி வரியாகப் புரிந்துகொண்டு வேலை செய்ய பைதான் இன்டர்பிரெட்டர் வேண்டும். ஜன்னல், பட்டன் வரைய டிகேஇன்டர் வேண்டும். கணக்கைச் சேமிக்க எஸ்.க்யூ.லைட் வேண்டும். லேபில் இவை எல்லாம் ஏற்கெனவே இருப்பதால் அவை இருப்பதே நம் கண்ணில் படுவதில்லை. கடையில் அவை கிடையாது.

ஆகவே, ஒரே கிளிக்கில் ஓட வைப்பது என்றால் புரோகிராமோடு அதற்குத் தேவையான எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி அனுப்புவது என்றுதான் பொருள். இது நமக்குப் புதிய சங்கதி இல்லை. 'கலப்பை' என்றால் ஏர் என்றுதான் நமக்குத் தெரியும். சங்கப் பாடல்களில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: பாணர்கள் யாழையும் முழவையும் மற்ற கருவிகளையும் போட்டுச் சுமந்து சென்ற பை. கலம் வைக்கும் பை, கலப்பை. போகிற ஊரில் யாழ் கிடைக்குமா என்று பாணன் விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. தோளிலேயே கொண்டு போனான்.

எ-கலப்பை செய்த காரியம்

அதே பெயரில் ஒரு சாஃப்ட்வேர் இருப்பதைப் பலர் அறிவீர்கள். கணிப்பொறியில் தமிழ் டைப் செய்வது ஒரு காலத்தில் பெரும் பாடாக இருந்தது. ஒவ்வொரு கம்பெனி எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகுதான் டாம், டாப் குறியீடுகளும் தமிழ் 99 விசைப்பலகையும் தமிழக அரசின் அங்கீகாரம் பெற்றன. பிறகு யூனிகோடு பரவியது. ஆனால் அதை டைப் செய்வது எப்படி?

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மார்க் டர்டின் என்பவர், லாவோ மொழிக்காக 1993ல் கீமேன் என்ற சாஃப்ட்வேரை எழுதினார். எந்த மொழியின் விசைப்பலகையையும் அதற்குள் பொருத்தலாம். ஆனால் அதை நிறுவி, தமிழ் விசைப்பலகை ஃபைலைத் தனியே பொருத்தி, எழுத்துருவையும் போட வேண்டும். தெரிந்தவர்கள் செய்துகொள்வார்கள். மற்றவர்கள்? 2000களின் தொடக்கத்தில் 'தமிழா' என்ற தன்னார்வக் குழுவினர், கீமேனையும் தமிழ் விசைப்பலகையையும் சேர்த்து, ஒரே செட்டப் ஃபைலாகக் கட்டி, எ-கலப்பை என்று பெயரிட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். இயந்திரத்தைச் செய்தவர் வேறு ஒருவர். ஆனாலும் தமிழில் டைப் செய்யத் தொடங்கிய எத்தனையோ பேருக்கு வழி திறந்தது அந்தக் கட்டிக் கொடுத்த வேலைதான்! புரோகிராம் எழுதுகிறவனுக்குக் கிடைக்கும் பெயர் கட்டிக் கொடுப்பவனுக்குக் கிடைப்பதில்லை என்பது என் தனிப்பட்ட ஆதங்கம்.

அதற்குப் பிறகு வந்த என்.எச்.எம். ரைட்டர் இன்னொரு படி மேலே போனது. விண்டோஸ் எக்ஸ்.பி.யில் தமிழ் எழுத்து சரியாகத் தெரிய வேண்டுமென்றால் விண்டோஸ் சி.டி.யைப் போட்டு இந்திய மொழி வசதியை ஏற்ற வேண்டும். பிரவுசிங் சென்டரில் யாரிடம் போய் சி.டி. கேட்பது? என்.எச்.எம். ரைட்டர், சி.டி. இல்லாமலே அந்த வேலையையும் தானே செய்துகொண்டது. அளவோ ஒரு எம்.பி.க்கும் குறைவு, பழைய ஃபிளாப்பி ஒன்றில் அடங்கிவிடும். பயன்படுத்துகிறவர் எந்த இடத்தில் முட்டி நிற்பார் என்று முன்கூட்டியே யோசித்துச் செய்த வேலை அது.

கட்டும் முறை

பைதானுக்கு பைஇன்ஸ்டாலர் என்ற இலவசக் கருவி இருக்கிறது. அது நம் புரோகிராமைப் படித்து, எந்தெந்த மாட்யூலை 'இம்போர்ட்' செய்திருக்கிறோம் என்று பார்த்து, அவற்றையும் பைதான் இன்டர்பிரெட்டரையும் சேர்த்து எடுத்து வைத்து, முன்னால் ஒரு சிறிய ஈ.எக்ஸ்.இ.யை நிறுத்துகிறது. டபுள் கிளிக் செய்தால் அந்தச் சிறிய ஈ.எக்ஸ்.இ. முதலில் எழுந்து, பைதானை எழுப்பி, நம் புரோகிராமை அதன் கையில் கொடுக்கும்.

முதலில் ஒரு வெற்று விர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்கிக்கொண்டு, தேவையானதை மட்டும் அதில் நிறுவுங்கள். வேறு பாடத்துக்காகப் போட்டுவைத்த நம்பை, பாண்டாஸ் போன்றவை இருக்கும் இடத்திலிருந்து கட்டினால் அவையும் ஒட்டிக்கொண்டு வரலாம். 200 வரிப் புரோகிராமே கட்டி முடித்தால் சுமார் 10 எம்.பி. ஆகிவிடும். ஏழு ஃபிளாப்பி அளவு. அதற்கு மேல் எதற்குச் சுமக்க வேண்டும்?

பிறகு கமாண்டு பிராம்ப்டில் பைஇன்ஸ்டாலர் என்று அடித்து, புரோகிராம் ஃபைலின் பெயரைக் கொடுக்க வேண்டும். இரண்டு சிறு கோடு போட்டு 'விண்டோட்' என்று சேர்த்தால் பின்னால் கருப்புப் பெட்டி வராது. 'ஐகான்' என்று சேர்த்தால் நாம் விரும்பிய படம் வரும். (அண்ணனுக்காக மல்லிகைப்பூ ஐகான் போட்டேன். ஜன்னலுக்குள் இருக்கும் எதையும் அவர் பாராட்டவில்லை, ஐகானைப் பாராட்டினார்.) கருப்புப் பெட்டியை எடுத்துவிட்டால் பிழைச் செய்தி வருவதற்கு இடமே இருக்காது. ஆகவே பிழைகளை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதிவைக்கும்படி புரோகிராமில் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

ஒரு முக்கிய விஷயம். பைஇன்ஸ்டாலர், தான் ஓடும் சிஸ்டத்துக்கு மட்டுமே கட்டித் தரும். லினக்ஸில் உட்கார்ந்து விண்டோஸுக்குக் கட்ட முடியாது. 64 பிட் பைதானில் கட்டியது 32 பிட் விண்டோஸில் ஓடாது. விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது, பைதானும் 3.8 பதிப்போடு அதைக் கைவிட்டுவிட்டது. ஆகவே அந்தக் கடைக்கு 3.8 பதிப்பின் 32 பிட் பைதானில்தான் கட்ட வேண்டும். அப்டேட்டே காணாத விண்டோஸ் 7 என்றால், 'சி.ஆர்.டி.' என்ற எழுத்துக்கள் கலந்த நீளமான பெயரோடு ஒரு டி.எல்.எல். காணவில்லை என்று செய்தி வரலாம். அதற்கு மைக்ரோசாஃப்டே கொடுத்த அப்டேட்டைக் கல்லூரியில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுபோய்ப் போட்டால் தீர்ந்தது.

ஒரே ஃபைலா, ஒரு ஃபோல்டரா?

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். பைஇன்ஸ்டாலர் இரண்டு விதமாகக் கட்டும். ஒன்று, ஒரு ஃபோல்டர் நிறைய ஃபைல்கள், நடுவில் ஒரு ஈ.எக்ஸ்.இ. இன்னொன்று, 'ஒன்ஃபைல்' என்று கேட்டால் எல்லாம் ஒரே ஈ.எக்ஸ்.இ.க்குள். பார்க்க இரண்டாவதுதான் அழகு. எல்லோரும் அதைத்தான் தேடிப் போகிறார்கள்.

ஆனால் அது ஓடும் விதத்தைப் பாருங்கள். டபுள் கிளிக் செய்தவுடன் விண்டோஸின் தற்காலிக ஃபோல்டருக்குள் ஒரு புது ஃபோல்டரை உருவாக்கி, தன் வயிற்றில் உள்ளதையெல்லாம் அங்கே கொட்டி, அங்கிருந்து ஓடுகிறது. ஜன்னலை மூடியதும் அந்த ஃபோல்டரையே அழித்துவிட்டுப் போய்விடுகிறது! நம்மில் பெரும்பாலோர், "புரோகிராம் இருக்கும் இடத்திலேயே கணக்கு ஃபைலையும் சேமி" என்று எழுதுவதற்கு பைதானின் 'ஃபைல்' என்ற உள்மாறியைப் பயன்படுத்துகிறோம். ஒன்ஃபைலில் அந்த மாறி காட்டுவது எதை? அந்தத் தற்காலிக ஃபோல்டரை. திங்கள் முதல் பதிந்த பூக்கணக்கு ஜன்னலை மூடிய நொடியில் போய்விடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. அடுத்த முறை திறந்தால் வெறுமையாக இருக்கும். கல்லூரிப் பிராஜெக்டில் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். இங்கே 14 பெண்களின் ஒரு வாரக் கூலி. நோட்டையும் மூடிவைத்துவிட்ட பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

ஆகவே கணக்கு ஃபைலை ஒருபோதும் புரோகிராமோடு ஒட்டி வைக்காதீர்கள். பயன்படுத்துகிறவரின் 'டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டருக்குள் தனியாக ஒரு ஃபோல்டர் திறந்து அங்கே வையுங்கள். புரோகிராமைப் பிறகு மாற்றினாலும், நீக்கினாலும் கணக்கு பத்திரமாக இருக்கும். 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் எழுதலாம் என்றும் நினைக்க வேண்டாம். சாதாரணப் பயனருக்கு அங்கே எழுத விண்டோஸ் அனுமதி தராது.

இன்னொரு சங்கடமும் உண்டு. பழைய கம்ப்யூட்டரில் இந்தக் கொட்டும் வேலைக்குப் பல நொடிகள் ஆகும். அதுவரை திரையில் ஒன்றும் தெரியாது. கிளிக் செய்தவர் சும்மா இருப்பாரா? "என்ன இது, வரலையே" என்று மறுபடி கிளிக் செய்வார். மூன்றாம் முறையும் செய்வார். கடைசியில் மூன்று ஜன்னல்கள் திறந்து நிற்கும், எதில் பதிவது என்று தெரியாது.

அதனால் நான் ஃபோல்டர் முறையைத்தான் தேர்ந்தெடுத்தேன். ஒரே கிளிக் என்றால் ஒரே ஃபைல் என்று அர்த்தம் இல்லை, நண்பர்களே. அந்த ஃபோல்டரை இன்னோ செட்டப் என்ற கருவியால் ஒரே செட்டப் ஃபைலாகச் சுருட்டலாம். 1997 முதல் இருந்துவரும் இலவசக் கருவி அது. நிறுவும்போது டெஸ்க்டாப்பில் ஒரு குறுக்குவழி ஐகானையும் அதுவே வைத்துவிடும். நிறுவுவது ஒரு முறை, அதை நாமே போய்ச் செய்யலாம். அண்ணனுக்குத் தெரிவது மல்லிகைப்பூ மட்டும்தான்.

தமிழ் தெரிய வேண்டுமே!

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இல்லாத தொல்லை நமக்கு உண்டு. விண்டோஸ் 7ல் லதா எழுத்துரு இருக்கிறது, நிர்மலா இல்லை. விண்டோஸ் 8 முதல் நிர்மலா வந்துவிட்டது. விண்டோஸ் 10லோ, லதாவைக் கூடுதல் வசதியாகக் கேட்டுத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். ஒன்றையே நம்பி எழுதினால் இன்னொரு இடத்தில் சீட்டு நாம் பார்த்த மாதிரி இருக்காது; எழுத்தின் அகலம் மாறி வரிசை கலையும். ஓடும்போது எந்த எழுத்துரு இருக்கிறது என்று புரோகிராமே பார்த்து எடுத்துக்கொள்ளட்டும்; நான்கு வரி வேலை.

ஃபைல் திறக்கும் இடத்திலெல்லாம் யு.டி.எஃப். 8 என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் விண்டோஸில் பைதான் பழைய ஆங்கிலக் குறியீட்டை எடுத்துக்கொள்ளும். தமிழ்ப் பெயர் வந்தவுடன் நின்றுவிடும். எக்ஸெல்லில் திறப்பதற்கான ஃபைல் என்றால் 'சிக்' சேர்த்த யு.டி.எஃப். 8 கொடுத்தால்தான் எழுத்து சரியாக வரும்.

ஆன்டிவைரஸ் மிரட்டினால்

முன்பின் தெரியாத ஈ.எக்ஸ்.இ.யைப் பார்த்தால் ஆன்டிவைரஸ் குரைக்கத்தான் செய்யும். பைஇன்ஸ்டாலரில் கட்டியவற்றின் மேல் அதற்குக் கூடுதல் சந்தேகம், ஏனென்றால் வைரஸ் எழுதுகிறவர்களும் அதே கருவியைப் பயன்படுத்துகிறார்கள். தன்னைத் தானே பிரித்துக் கொட்டும் ஒன்ஃபைல் என்றால் இன்னும் அதிகம். காசு கொடுத்து டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் வாங்கிப் போடலாம். மாணவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. ஃபோல்டர் முறையில் கட்டுவது, அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் விலக்கு கொடுப்பது இரண்டும் போதும். ஆன்டிவைரஸையே நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டு வராதீர்கள். நாளைக்கு வேறு எது புகுந்தாலும் பழி நம் புரோகிராம் மேல்தான் விழும்.

கொடுப்பதற்கு முன்

பைதான் இல்லாத ஒரு கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கட்டிய கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்ப்பது சோதனையே அல்ல. நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஓட்டுங்கள். பெயரில் இடைவெளி உள்ள ஃபோல்டரிலும், தமிழில் பெயர் வைத்த ஃபோல்டரிலும் வைத்து ஓட்டுங்கள். எடை என்ற இடத்தில் 'ஒன்றரை' என்று எழுத்தில் அடித்துப் பாருங்கள், கடையில் நிச்சயம் அடிப்பார்கள். பதிந்துகொண்டிருக்கும்போதே மின்சாரத்தை அணைத்துப் பாருங்கள். எஸ்.க்யூ.லைட் ஒவ்வொரு பதிவையும் முழுதாக எழுதும், இல்லையென்றால் எழுதாததாக விட்டுவிடும்; பாதியில் நிற்காது. ஒரு பூவுக்கு ஒரு 'கமிட்' என்று வைத்துக்கொண்டால் கரண்டு போனாலும் போவது கடைசி ஒரு பதிவுதான்.

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதா, பாரத் எலெக்ட்ரானிக்ஸில் எஞ்சினியராக மின்னணு வாக்குப்பதிவு இயந்திர வேலையில் பங்குகொண்டவர் என்பது பலருக்குத் தெரியும். 2004 நாடாளுமன்றத் தேர்தலில் நாடு முழுவதும் அந்த இயந்திரத்தில்தான் வாக்களித்தார்கள். புரோகிராம் சிப்புக்குள்ளேயே பதிந்திருக்கும். நிறுவுவது கிடையாது, வாக்காளர் செய்ய வேண்டியது ஒரு பட்டனை அழுத்துவது. படிக்கத் தெரியாதவர்களும் சின்னத்தைப் பார்த்து அழுத்துகிறார்கள். சீட்டு வடிவமைக்கும்போது இதைத்தான் பார்த்துச் செய்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் அக்காக்களுக்கும் எண் தெரியும். எனவே நாள்வாரி எடை பெரிய எண்ணில், கைமாற்று அதற்குக் கீழே, மீதி கட்டம் கட்டி. இப்போது சீட்டைச் சனிக்கிழமை மட்டுமல்ல, எந்த நாளிலும் கேட்டு வாங்கலாம். செவ்வாய்க்கிழமைக் கணக்கைப் புதன்கிழமையே சரிபார்த்துக்கொள்கிறார்கள். நீள நோட்டையும் அண்ணன் விட்டுவிடவில்லை; இரண்டிலும் எழுதுகிறார். அதுவும் நல்லதே.

எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் அந்த நான்கு வரிகளும், இன்னோ செட்டப்புக்கான மாதிரி ஃபைலும் நம் துறை லேபில் என்னிடம் உள்ளன. முதலாம், இரண்டாம் ஆண்டுத் தம்பி தங்கைகள் மதிய இடைவேளையில் வந்து காப்பி செய்துகொள்ளலாம். பென் டிரைவை வைரஸ் ஸ்கேன் செய்துவிட்டு வரவும்.